ஆட்டமும் கறளும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஊசல் என்பது தமிழில் மிகப் பழைய சொல். ஊஞ்சல் என்று நாம் பேசுவதும் அதனையே. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலே மகளிர் ஆடிப் பாடும் ஊசல்வரி இருக்கிறது. பிற்காலத்தில் ஊசல் என்ற பெயரிலேயே ஒரு சிற்றிலக்கிய வகை எழுந்தது. நம் நாட்டு ஆலயங்கள் பலவற்றுக்கும் திருவூஞ்சற் பாடல்கள் உண்டு. திருவிழா முடிவிலே இறைவனை ஊஞ்சலில் இருத்தி அவற்றைப் பாடுவர். குழந்தைக்கு ஊஞ்சல் விளையாட்டு. மணமக்களுக்கு அது மங்கலம். ஆயினும் அதே சொல்லை வேறோர் இடத்திலும் ஆளுகிறோம். முடிவெடுக்க முடியாதவனுடைய மனம் ஊசலாடுகிறது என்கிறோம். ஆசுபத்திரிக் கட்டிலிற் கிடப்பவருடைய உயிர் ஊசலாடுகிறது என்றும் சொல்கிறோம். மகிழ்ச்சிக்கும் அச்சத்துக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் ஏதோ உணர்ந்துதான் வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சொல்லையே பெயராகக் கொண்ட ஒரு பாலத்தைப் பற்றி இன்று பேச விழைகின்றேன். இந்தியாவின் குஜராத் மாநிலத்திலே, சௌராட்டிரப் பகுதியில், மச்சு என்னும் ஆற்றங்கரையில் மோர்பி என்ற நகரம் இருக்கிறது. அங்கே பாதசாரிகள் மட்டும் செல்லும் தொங்குபாலம் ஒன்று இருந்தது. ஊர் மக்கள் அதனை ஜூல்தோ பூல் என்று அழைத்தனர். ஆடும் பாலம் என்பது பொருள். ஊசற்பாலம் என்று நாம் மொழிபெயர்த்தால் பிழையாகாது.

மோர்பியை ஆண்ட வாக்ஜி தாக்கோர் என்ற அரசர் காலத்தில், 1879ஆம் ஆண்டு, அப்பாலம் திறந்து வைக்கப்பட்டது. திறந்து வைத்தவர் பம்பாய் ஆளுநராயிருந்த ரிச்சட் டெம்பிள். கட்டுவதற்கு வேண்டிய பொருள்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. நீளம் ஏறத்தாழ 230 மீற்றர். அகலமோ ஒன்றேகால் மீற்றர். எதிரெதிரே வரும் இருவர் தோள் உரசாமல் விலகிப் போவது அரிது. அரண்மனையொன்றை அக்கரையோடு இணைப்பதற்கு எழுந்த பாலம் பின்னாளில் ஊருக்குப் பொதுவாயிற்று. சீட்டு வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து நடந்து பார்க்கும் இடமாயிற்று.

அவர்கள் எதைப் பார்க்க வந்தார்கள்? ஆட்டத்தை அனுபவிக்கவே வந்தார்கள். நடுப்பாலத்தில் நின்று இரு பக்கத்து வலைக்கம்பிகளையும் பிடித்து அசைத்தால் பாலம் முழுவதும் ஊஞ்சலாகும். இளைஞர்கள் வேண்டுமென்றே ஆட்டுவர், பெண்கள் கூச்சலிடுவர், பிள்ளைகள் சிரிப்பர். அந்தப் பாலத்தின் புகழே அந்த ஆட்டந்தான். நூற்றுநாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அது ஆடிக்கொண்டிருந்தது. ஆடும், ஆனால் விழாது என்பது ஊரின் நம்பிக்கை.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பராமரிப்பை ஏற்றுக்கொண்ட நிறுவனம் திருத்தவேலைக்காகப் பாலத்தை மூடியது. ஒரேவா என்னும் குழுமத்தைச் சேர்ந்த அந்நிறுவனம், மணிக்கூடு உற்பத்திக்குப் பெயர் பெற்றது. ஏறத்தாழ ஏழு மாதங்களின் பின், குஜராத்தியரின் புத்தாண்டு தினமாகிய ஒக்டோபர் 26ஆம் திகதி பாலம் மீண்டும் திறக்கப்பட்டது. நான்கு நாட்கள் கழிந்தன. ஒக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை. தீபாவளி விடுமுறைக் கூட்டம். மாலை ஆறரை மணியளவில், பாலத்தில் ஏறத்தாழ 300 பேர் நின்ற வேளையில், பிரதான வடம் ஒன்று அறுந்தது. தளம் ஒரு பக்கமாகக் கவிழ்ந்தது. 135 பேர் இறந்தனர். அவர்களிற் பெருந்தொகையினர் பெண்களும் சிறுவர்களும்.

அடுத்த நாட்களில் உலகமெங்கும் தொலைக்காட்சிகளில் ஒரு காட்சி ஓடியது. இளைஞர் சிலர் பாலத்தை உதைத்தும் அசைத்தும் விளையாடும் காட்சி. அதைப் பார்த்தவர்கள் ஒரு தீர்ப்பையும் எழுதினார்கள். ஆட்டினார்கள், அறுந்தது என்பதே அந்தத் தீர்ப்பு. அது எளிமையான தீர்ப்பு. ஆட்டம் எல்லோருடைய கண்ணுக்கும் தெரிந்தது. ஆட்டியவர்களோ கூட்டத்தோடு கூட்டமாக ஆற்றில் விழுந்தவர்கள். எழுந்து வந்து மறுமொழி சொல்லப் போவதில்லை.

அந்தத் தீர்ப்புச் சரியானதா? மனிதருடைய கால்கள் ஒரு பாலத்தை வீழ்த்த வல்லனவா? இலக்கிய மேடையிலே பொறியியலா என்று நேயர்கள் எண்ணவேண்டாம். பழி யாரைச் சேரும் என்ற கேள்வி இலக்கியத்துக்கு என்றும் உரியது. கோவலன் கொலையுண்டதும் கண்ணகி கேட்டது அந்தக் கேள்வியைத்தானே?

நடைக்கும் பாலத்துக்கும் உள்ள பகை பழையது. 1831ஆம் ஆண்டு இங்கிலாந்தில், மான்செஸ்டர் நகருக்கு அண்மையில், புரோட்டன் என்ற இடத்துத் தொங்குபாலத்தின் மீது சிப்பாய்கள் எழுபது பேரளவில் நால்வர் நால்வராக நடந்து சென்றனர். காலடிக்குக் காலடி பாலம் துள்ளியது. சிப்பாய்களுக்கு அது வேடிக்கையாயிருந்தது. துள்ளலுக்கு இசைய மேலும் ஓங்கி மிதித்தனர். பாலம் ஒரு பக்கம் இடிந்து, நாற்பது பேர் வரை ஆற்றில் விழுந்தனர். நீர் ஆழமில்லாமையால் உயிர்கள் தப்பின. அன்று தொட்டுப் பாலத்தை அணுகும்போது அணிநடையைக் குலைத்து நடக்கவேண்டும் என்ற விதி பிரித்தானியப் படையில் ஏற்பட்டது. இலண்டனில் அல்பேட் பாலத்தின் முகப்பிலே, படையினர் அணிநடையைக் கலைக்கவேண்டும் என்ற அறிவித்தற் பலகை இன்றும் தொங்குகிறது.

1850இல் பிரான்சிலே இதனினும் பெரிய துன்பம். அஞ்சே நகரில், புயற்காற்று வீசிய ஒரு நாளில், தொங்குபாலத்தின் மீது சென்ற படைப்பிரிவொன்று பாலத்தோடு ஆற்றில் விழுந்தது. இருநூறுக்கு மேற்பட்ட சிப்பாய்கள் மாண்டனர்.

இரண்டு நிகழ்ச்சிகளையும் பௌதிகவியல் ஆசிரியர்கள் வகுப்பிலே சொல்வதுண்டு. பரிவு என்ற பாடத்துக்கு அவை உதாரணம். ஒரு பொருளுக்குத் தனக்கென ஓர் இயல்பான ஆட்டவேகம் உண்டு. அதே வேகத்தில் வெளியிலிருந்து சிறுசிறு உந்தல் கிடைத்தால் ஆட்டம் பெருகும். ஊஞ்சலை எந்தக் கணத்தில் தள்ளவேண்டும் என்பது நாலு வயதுக் குழந்தைக்கும் தெரியும். இதனைத் தமிழ்நாட்டுப் புத்தகங்கள் ஒத்ததிர்வு என்கின்றன. நம் நாட்டு நூல்களோ பரிவு என்கின்றன. ஒரு தமிழாசிரியன் என்ற முறையில், இந்தச் சொல்லை ஆக்கியவருக்கு நான் தலைவணங்குகின்றேன். ஒரு வீணையின் தந்தியை மீட்ட, பக்கத்து வீணையின் தந்தி தொடாமலே அதிர்கிறது. பிறர் துன்பத்துக்கு நம் நெஞ்சு அதிர்வதும் அவ்வாறுதானே? அதனையும் பரிவு என்றுதானே சொல்லி வந்தோம்?

ஆனால் புரோட்டன், அஞ்சே ஆகிய இரண்டு பாலங்களின் கதையும் பரிவோடு முடிந்துவிடவில்லை. புரோட்டனில் விசாரித்தபோது, முறிந்த இரும்பாணி செவ்வையாக அடிக்கப்படாதது எனத் தெரிந்தது. அஞ்சேயில் வடத்தின் அடிமுனை கரையிலே சாந்துக்குள் புதைக்கப்பட்டிருந்தது. யார் கண்ணும் எட்டாத அந்த இடத்திலே கம்பிகள் கறள் ஏறிக் கிடந்தன. துரு என்று எழுதுகிறோம்; கறள் என்று பேசுகிறோம். சிப்பாய்களின் காலும் புயலும் எல்லோரும் கண்டவை. கறளை எவரும் காணவில்லை.

இனி, ஆட்டத்துக்காகவே பெயர் கெட்ட இன்னொரு பாலத்தைப் பார்ப்போம். இலண்டனில் தேம்ஸ் நதிக்கு மேலே, தூய பவுல் பேராலயத்தையும் தென்கரையிலுள்ள டேட் மொடேன் கலைக்கூடத்தையும் இணைப்பது மில்லேனியம் பாலம். இதுவும் பாதசாரிகளுக்கு மட்டுமே உரியது. கட்டடக்கலைஞர் நோர்மன் பொஸ்ரர், சிற்பி அன்ரனி காரோ, அரூப் நிறுவனத்துப் பொறியியலாளர் ஆகியோர் சேர்ந்து அதனை ஆக்கினர். உயர்ந்த கோபுரங்களில் வடத்தைத் தொங்கவிடாமல், பாலத்தின் இரு மருங்கிலும் ஏறக்குறையத் தட்டையாகவே இழுத்துக் கட்டினர். நடு வளைவின் நீளம் 144 மீற்றர். அந்த நீளத்துக்கு வடம் தாழ்வது 2.3 மீற்றர் மாத்திரமே. ஒளிக்கற்றை ஒன்றை ஆற்றின் குறுக்கே நீட்டியதுபோல அது விளங்கவேண்டும் என்பது ஆக்கியோரின் எண்ணம்.

2000ஆம் ஆண்டு யூன் 10ஆம் திகதி பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அன்று மாத்திரம் எண்பதினாயிரத்துக்கும் ஓர் இலட்சத்துக்கும் இடைப்பட்ட தொகையினர் நடந்தனர். ஒரே நேரத்தில் ஏறத்தாழ 2000 பேர் வரை பாலத்தில் நின்றனர். பாலம் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. ஆட்டம் ஏழு சென்ரிமீற்றர் வரை சென்றது. நாலு விரற்கடை அளவுதான். ஆயினும் நிற்கும் தரையே நகர்ந்தால் நாலு விரற்கடை பெரிது. மக்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டனர். யூன் 12ஆம் திகதி பாலம் மூடப்பட்டது.

அங்கே அணிநடை போட்ட சிப்பாய் எவரும் இல்லை. அவரவர் தத்தம் போக்கில் நடந்தவர்களே. அப்படியிருக்கப் பாலம் ஏன் ஆடியது? பொறியியலாளர்களுக்கு அது பெரும் புதிராயிற்று.

நடக்கும்போது நாம் கீழ்நோக்கி மட்டும் மிதிப்பதில்லை. வலக்கால் ஊன்றும்போது உடல் சற்று வலப்புறமும், இடக்கால் ஊன்றும்போது இடப்புறமும் சாய்கிறது. செக்கனுக்கு இரண்டு அடி வைப்பவர், செக்கனுக்கு ஒரு முறை பக்கவாட்டில் போய் மீள்கிறார். அந்தப் பக்கத் தள்ளல் மிகச் சிறிது. ஆயிரம் பேர் ஆயிரம் விதமாக நடந்தால் ஒருவருடைய தள்ளலை மற்றவருடைய தள்ளல் அழித்துவிடும் என்றே கணக்கிட்டிருந்தார்கள்.

தரை அசையாதிருக்கும்வரை அந்தக் கணக்குச் சரி. தரை சிறிது அசைந்தாலோ கதை வேறு. மட்டக்குளியிலே கழிமுகத்தில் தோணியேறிப் பழகியவர்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. தோணி சரியும்போது நாம் காலை அகட்டி ஊன்றுகிறோம். விழாமலிருக்க உடலை மறுபக்கம் தள்ளுகிறோம். இலண்டன் பாலத்தில் நடந்த ஒவ்வொருவரும் அதைத்தான் செய்தனர். தம்மைக் காத்துக்கொள்ள ஊன்றிய காலே பாலத்துக்கு இன்னொரு தள்ளலைக் கொடுத்தது. பாலம் இன்னும் சற்று ஆடியது. அதனால் மேலும் பலர் காலை அகட்டினர். ஒருவர் நெஞ்சிலும் குற்றமில்லை. எல்லோரும் விழாதிருக்க முயன்றதே ஆட்டமாக வளர்ந்தது.

பின்னர் அதே பாலத்தில் ஆட்களை நடக்கவிட்டுச் சோதித்தார்கள். வடபுற வளைவிலே ஆட்தொகையைச் சிறிது சிறிதாகக் கூட்டினர். ஏறத்தாழ 160 பேர் வரை பாலம் பேசாதிருந்தது. அதற்கு மேலே பத்துப் பேர் சேர்ந்தார்களோ இல்லையோ, ஆட்டம் திடீரென வளர்ந்தது. நூறு பேருக்குக் கொஞ்சம், இருநூறு பேருக்கு அதன் இரு மடங்கு என்றவாறு அது ஏறவில்லை. ஓர் எல்லை வரை அமைதி. எல்லை கடந்தால் கட்டுக்கு அடங்காமை.

காலடிகள் ஒத்துச் சேர்ந்ததனால் ஆட்டம் வந்ததா, ஆட்டம் வந்ததனால் காலடிகள் சேர்ந்தனவா என்ற வாதம் அறிஞரிடையே நெடுநாள் தொடர்ந்தது. 2005இல் நேச்சர் சஞ்சிகையிலே ஸ்ரீவன் ஸ்ரோகற்சும் உடன் ஆய்வாளரும் மின்மினிப் பூச்சிகள் ஒருங்கே ஒளிர்வதை விளக்கும் கணிதத்தைக் கொண்டு இதனை விளக்கினர். காலடி ஒன்றாகச் சேராமலே ஆட்டம் பெருக முடியும் என்று 2021இல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது. விழாமலிருக்க ஒவ்வொருவரும் எடுக்கும் முயற்சியே போதுமாம். இரண்டாவது விளக்கத்தைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. கூட்டத்தில் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாமலே, தத்தம் காலை மட்டும் பார்த்துக்கொண்டு, எல்லோரும் சேர்ந்து ஒரு பாலத்தை ஆட்டிவிடலாம் என்பது பாலத்துக்கு மட்டும் பொருந்தும் உண்மையா?

மருந்து எளிமையானது. மோட்டார் வண்டியின் சில்லுக்கு மேலே அதிர்ச்சி தாங்கி இருக்கிறதல்லவா? அதே தத்துவத்தில் அமைந்த தணிப்பான்கள் 37ஐப் பாலத்தின் கீழே பொருத்தினர். வில்லின் மீது பாரத்தை வைத்து, பாலம் ஒரு பக்கம் போகையில் எதிர்த்து அசையும் கருவிகள் ஐம்பதளவில் வேறு. ஐந்து மில்லியன் பவுண் செலவாயிற்று. இரண்டாயிரம் பேரை நடக்கவிட்டு மீண்டும் சோதித்தார்கள். 2002ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் திகதி பாலம் திறக்கப்பட்டது. இருபது மாதங்கள் அது மூடிக் கிடந்தது. அதன் பின் ஆடவில்லை. ஆனால் ஆடும் பாலம் என்ற பட்டப்பெயரை இலண்டன்வாசிகள் இன்னும் விடவில்லை. நோய் தீர்ந்த பின்பும் பெயர் தீரவில்லை.

இப்போது இரண்டு பாலங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இலண்டன் பாலத்துக்கு ஆட்டம் ஓர் இழுக்கு. பத்திரிகைகள் சிரித்தன, ஆக்கியோர் தலைகுனிந்தனர். அந்த இழுக்கினாலேதான் இரண்டு நாளில் அது மூடப்பட்டது. ஒருவருக்கும் உயிர் போகவில்லை. மோர்பிப் பாலத்துக்கோ ஆட்டம் ஒரு பெருமை. ஆடுவதற்காகவே காசு கொடுத்து ஏறினார்கள். ஆகையால் ஆட்டம் அங்கே எச்சரிக்கையாக முடியவில்லை. என்றும் ஆடுகிற பாலம் இன்றைக்கு வேறு விதமாக ஆடினால் அதை யார் உணர்வார்?

மோர்பியின் வடத்தில் என்ன இருந்தது? மாநில அரசு நியமித்த சிறப்பு விசாரணைக் குழு அதனை எழுதி வைத்திருக்கிறது. அறுந்த வடம் ஏழு புரிகளாலானது. ஒவ்வொரு புரியிலும் ஏழு கம்பிகள். ஆக 49 கம்பிகள். அவற்றுள் 22 கம்பிகள் கறள் ஏறியிருந்தன. அன்றைய மாலைக்கு முன்னரே அவை அறுந்திருக்கக்கூடும் என்று குழு கூறியது. 300 பேரையும் தாங்கியவை எஞ்சிய 27 கம்பிகளே. திருத்தவேலை என்ற பெயரில் நடந்தது வேறு. பழைய மரப்பலகைத் தளத்தைக் கழற்றிவிட்டு அலுமினியத் தளம் இட்டனர். பாலத்தின் சொந்தப் பாரம் கூடியது. பழைய தொங்குகம்பிகளோடு புதியவற்றை உருக்கி ஒட்டினர். வளைந்து கொடுக்கவேண்டிய இடம் வளையாதாயிற்று. திறக்கும் முன் பாரம் ஏற்றிச் சோதிக்கவில்லை. எத்தனை பேர் ஏறலாம் என்ற வரையறையும் இல்லை. அன்றைய தினம் விற்ற சீட்டுகள் மூவாயிரத்துக்கு மேல்.

தேர்வடம் பிடித்தவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும். நூறு பேர் கை வைத்து இழுக்கும் வடத்திலே, உள்ளே பாதிப் புரி உக்கிப் போயிருந்தால் வெளியே தெரியாது. வெளிப்புறத்துக்குப் புதுச் சீலை சுற்றி மஞ்சள் பூசிவிட்டால் சுத்தமாகவே தெரியாது. தேர் நகரும், அரோகரா ஒலி எழும், சரிவில் இறங்கும்போதுதான் தெரியவரும். அதற்காகவே ஊர்ப் பெரியவர்கள் வடத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள். மோர்பியில் தளம் பளபளத்தது. வடத்தைப் பிரித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

வலியறிதல் அதிகாரத்திலே மயிற்பீலி ஏற்றிய வண்டியொன்றைத் திருவள்ளுவர் காட்டுவது நேயர்கள் அறிந்ததே. பீலியைப்போல மெல்லிய பண்டம் வேறில்லை. அதுவும் மட்டுமிஞ்சினால் அச்சை முறிக்கும் என்பது உவமை. இலண்டனிலே ஒவ்வொருவருடைய பக்கத் தள்ளலும் ஒவ்வொரு பீலி. 160ஆவது ஆளுக்குப் பிறகு வண்டி தள்ளாடியது. உவமை அங்கே அப்படியே பொருந்துகிறது. மோர்பியில் பொருந்துமா? அங்கும் கூட்டம் மிகுதிதான். ஆனால் அந்த அச்சு ஏற்கெனவே அரைவாசி உளுத்த அச்சு. உளுத்த அச்சிலே பீலி எந்த அளவில் மிகுதி என்பதை வண்டிக்காரன் எப்படி அறிவான்? இங்கேதான் அந்த அதிகாரத்தின் பெயரை நினைக்கவேண்டும். அதற்குப் பெயர் பாரமறிதல் அன்று, வலியறிதல். ஏற்றுவதன் எடையை மட்டும் அறிந்தாற் போதாது. தாங்குவதன் வலியையும் அறியவேண்டும். வலியோ ஒரு முறை அளந்து ஏட்டில் எழுதிவிட்டால் என்றும் அப்படியே இருப்பதன்று. 1879இன் வலி வேறு. 2022இன் வலி வேறு.

ஆகவே ஆட்டினார்கள், அறுந்தது என்ற தீர்ப்பை நான் ஏற்கமாட்டேன். ஆட்டியவர்கள் கடைசிப் பீலியை வைத்திருக்கலாம். ஆயினும் ஆடுவதற்கென்றே பெயர் பெற்ற பாலத்தில், ஆடச்சொல்லிச் சீட்டுக் கொடுத்த பின், ஆடியவர்களைக் குற்றவாளிகளாக்குவது அறமன்று. புரோட்டனிலும் அஞ்சேயிலும் நடந்ததும் இதுவே. காலின்மேற் பழி சுமத்துவது எளிது. கறளைத் தேடிப் போவது கடினம். கறளைத் தேடினால், அதை யார் பார்த்திருக்கவேண்டும், யார் கையொப்பம் இட்டார்கள் என்ற கேள்விகள் வரும். அந்தக் கேள்விகள் மோர்பியிலும் வந்தன. குஜராத் உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. நிறுவனத்தின் தலைவர் மறியலுக்குப் போனார். 2023இல் நகரசபையே கலைக்கப்பட்டது. ஆனால் அவையெல்லாம் 135 பேருக்குப் பிறகு வந்தவை.

இவ்வளவும் இலண்டனிலும் குஜராத்திலும் நடந்த கதை, நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? களனி கங்கையைப் பாலத்தால் கடந்தே மட்டக்குளி மக்கள் வத்தளைப் பக்கம் போகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்த ஆற்றைக் கடக்கக் கொழும்பு மக்களுக்கு வாய்த்தது படகுகளை நிரையாக நிறுத்தி மேலே பலகை பரப்பிய பாலமே. 1895இல் விக்டோரியா பாலம் இரும்பிலே வந்தது. படகுப்பாலம் ஆடியிருக்கும், ஒவ்வொரு படகையும் ஒவ்வொரு கயிற்றையும் அன்றாடம் பார்த்தாக வேண்டியும் இருந்திருக்கும். இரும்பும் கொங்கிறீற்றும் வந்ததும், பார்க்கவேண்டியதில்லை என்ற எண்ணமும் நமக்கு வந்துவிட்டது. கொழும்பு வீதிகளுக்கு மேலுள்ள பாதசாரி மேம்பாலங்களில் ஏறும்போது தளம் மெல்ல அதிர்வதை உணர்கிறோம். அந்த அதிர்வு பெரும்பாலும் தீங்கற்றது. நாம் அஞ்சவேண்டியது அதற்கன்று. தூணின் அடியில், ஆணியின் கழுத்தில், நிறப்பூச்சுக்குக் கீழே கறள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதற்கே.

இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்க இயலாது. ஆபத்தான பாலத்தை மூடிவிட்டாற் கடமை முடிந்ததா? திருகோணமலை மாவட்டத்திலே கிண்ணியாவைச் சேர்ந்த குறிஞ்சாக்கேணியை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். புதிய பாலம் கட்டும் பணி நடந்த காலத்தில் மக்கள் கடலேரியை மிதவையில் கடந்தனர். நமது கிழக்கிலும் வடக்கிலும் அந்த மிதவைக்குப் பெயர் பாதை. பாலம் இல்லாத இடத்திலே பாதை. 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி காலை, பாடசாலை நேரத்தில், அந்தப் பாதை கவிழ்ந்தது. அன்றே ஆறு உயிர்கள் போயின. புத்தகப்பையோடு புறப்பட்ட பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர்.

இலண்டனில் பாலத்தை மூடியபோது அக்கரைக்குப் போக வேறு பாலங்கள் பக்கத்திலேயே இருந்தன. இருபது மாதங்கள் மூடிவைக்க முடிந்தது அதனாலுந்தான். வேறு வழியில்லாத ஊரிலே பாலத்தை மூடுவது பாதி வேலை. மற்றப் பாதி, மூடிய நாளிலிருந்து திறக்கும் நாள் வரை மக்கள் எதில் ஏறிப் போவார்கள் என்பதற்கு விடை காண்பது. அந்த மிதவைக்கும் ஒரு வலி உண்டு. எத்தனை பேரை அது தாங்கும் என்று யாராவது அளந்திருக்கவேண்டும். பாலத்துக்குக் கேட்கிற கேள்வியைப் பாதைக்கும் கேட்கவேண்டும்.

நேயர்களே, தொங்குபாலம் ஆடத்தான் செய்யும். வளைந்து கொடுப்பது அதன் பிறவிக்குணம். மலையகத்துத் தோட்டங்களிலும் கிராமங்களிலும் ஆற்றுக்கு மேலே கட்டிய தொங்குபாலங்களில் நடந்து பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அந்த ஆட்டம் பழக்கமானது. அவர்களைப் பயப்படுத்துவது என் நோக்கமன்று. அந்தப் பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியரும் கேட்கவேண்டிய கேள்வியை மாற்றுவதே நோக்கம். பாலம் ஆடுகிறதா என்று கேட்கிறோம். அதற்கு நம் கால்களே விடை சொல்லும். வடத்தைக் கடைசியாகப் பார்த்தவர் யார், எந்தத் திகதியில் பார்த்தார், ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்று அவர் எழுதி வைத்தாரா? இந்த மூன்றையும் கேட்போம். பாலத்தின் இரு முகப்பிலும் ஒரு பலகையிலே தமிழிலும் சிங்களத்திலும் அந்த மூன்று விடைகளும் எழுதப்பட்டிருக்கவேண்டும். செலவு ஒரு பலகையும் கொஞ்சம் நிறப்பூச்சும்.

மோர்பியில் அப்படியொரு பலகை இருந்து, அதில் உண்மை எழுதப்பட்டிருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை சீட்டோடு வந்தவர்கள் கரையிலே நின்று ஆற்றைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியிருப்பார்கள்.